மாடிப்படிக்கு ஒரு துணை

நாள் முழுக்க மேலும் கீழும் போய் வருகிற பிழைப்பு லிஃப்ட்காரருக்கு. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர் என்பதால் ஊரிலுள்ள பெரிய கட்டடங்களில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் முனகும், எது கதவைத் திறக்காமல் அடம்பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஆனால் சொந்த வீட்டு மாடிப்படியில் அவர் கால் வைத்து ஆறு வருஷமாகிவிட்டது. அங்கே மாடியில் குடியிருந்தவர் அவருடைய அண்ணன்.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா இருந்தவரைக்கும் இரண்டு பேரும் நகமும் சதையுமாகத்தான் இருந்தார்கள். அப்பா படுக்கையில் விழுந்தபோது லிஃப்ட்காரர் மூன்று நாள் கண் மூடாமல் பக்கத்தில் இருந்தார். நான்காம் நாள் மத்தியானம் நாற்காலியிலேயே அசந்துபோனார். கண் விழித்தபோது அப்பா போய்விட்டிருந்தார். அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தும் தம்பியை எழுப்பவில்லை. துக்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் லிஃப்ட்காரர், "வேணும்னேதானே எழுப்பல? அப்பா உனக்கு மட்டும்தான் அப்பான்னு நெனப்பு!" என்று கத்திவிட்டார். பிறந்ததிலிருந்து அண்ணனை அவர் ஒருமையில் பேசியது அந்த ஒரு தடவைதான். அண்ணன் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அதற்கப்புறமும் சொல்லவில்லை.

அப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் மனைவி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சேதியைச் சொன்னாள்.

"மாடியில சாமான் கட்டறாங்க. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை கிளம்பறாங்களாம். மகன் ஊரோட போயிடறாங்க."

"யார் சொன்னா?"

"மாடி அக்காதான். நாங்க தினம் துணி காயப்போடறப்ப பேசிக்கிட்டுத்தானே இருக்கோம். உங்க ரெண்டு பேருக்கும்தான் வாய்ப்பூட்டு."

லிஃப்ட்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் மேலே நடக்கிற சத்தம் கேட்டால்தான் அவருக்குத் தூக்கமே வரும். அந்தச் சத்தம் இனிமேல் இருக்காது.

"போய்ப் பேசிட்டு வாங்க," என்றாள் மனைவி.

"எப்படிப் போறது?"

"கால்லதான்."

"நீயும் கூட வாயேன்."

"நான் எதுக்கு? வாயை விட்டது நீங்க. நான் வந்தா, பொண்டாட்டி பிடிச்சு இழுத்துட்டு வந்தான்னு ஆயிடும்."

அதுவும் நியாயம்தான். அன்று மாலையே அவர் தனியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார். பாதிப் படி ஏறியதும் மேலே அண்ணன் தொண்டையைச் செருமினார். லிஃப்ட்காரர் உடனே தலையை அண்ணாந்து, படிக்கட்டு பல்பைப் பரிசோதிக்க வந்தவர் போல ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். தனியாக ஆகாது, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. கூட வேலை பார்ப்பவர்களைக் கூப்பிடலாம் என்றால், மறுநாள் ஊரிலுள்ள எல்லா லிஃப்டிலும் கதை ஏறி இறங்கும். சொந்தக்காரர்கள் கட்சி பிரிவார்கள். சம்பந்தமில்லாத, மரியாதையான ஒரு ஆள் வேண்டும். கதவைத் தட்டுகிற வரைக்கும் நின்றால் போதும்.

அப்போதுதான் பஸ் ஸ்டாப்பில் இருந்த பலகை அவர் கண்ணில் பட்டது. "உறவுத்துணை மையம். நீங்கள் தனியாக இல்லை." கீழே ஒரு கையை இன்னொரு கை பிடித்திருக்கிற படம். தேடிய ஆள் கிடைத்துவிட்டான் என்று லிஃப்ட்காரர் மறுநாளே அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனார்.

மையம் பளபளவென்று இருந்தது. வரவேற்பு மேசைப் பெண் சிரித்த முகமாகக் கேட்டாள்.

"யாரைப் பார்க்கணும் சார்?"

"யாராவது ஒருத்தர் போதும்மா. ஒரு மாடிப்படி ஏறணும். கூட வரணும்."

"முட்டிவலியா? அது எதிர்த்த கட்டடம்."

"முட்டி நல்லாத்தான் இருக்கு. அண்ணன்தான் பிரச்சினை."

"அப்ப இங்கதான்," என்று அவள் நிம்மதியடைந்தாள். "என்ன எதிர்பார்த்து வந்திருக்கீங்க?"

"ஒரு சின்ன உதவிதாம்மா."

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சார், உள்ள போய் அந்த வார்த்தையைச் சொல்லிடாதீங்க. இங்க யாரும் யாருக்கும் உதவி செய்யறதில்லை. கூடப் பயணிக்கிறோம்."

"அதேதாம்மா எனக்கும் வேணும். மாடி வரைக்கும் பயணிச்சா போதும்."

"அந்தப் பயணம் இல்ல சார். இது உள்பயணம்."

அவரை ஒரு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பிளாஸ்டிக் செடி, முகம் துடைக்கும் காகிதப் பெட்டி, கோணலாகப் போட்ட இரண்டு நாற்காலிகள். நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் நாடா ஒட்டியிருந்தது. லிஃப்ட்காரர் உட்காரும்போது நாற்காலியை நேராக்கப் போனார். ஆலோசகர் பதறி எழுந்துவிட்டார்.

"வேண்டாம் சார்! நேருக்கு நேர் உட்கார்ந்தா மோதல் மனநிலை வந்துடும். பக்கத்துல உட்கார்ந்தா சார்பு மனநிலை வந்துடும். ரெண்டுக்கும் நடுவுல அளந்து போட்டிருக்கோம்."

ஆலோசகர் நடுத்தர வயது மனிதர். தொட்டில் குழந்தையை எழுப்பிவிடக் கூடாதே என்பது போன்ற குரல். நல்ல மனிதர் என்று பார்த்தாலே தெரிந்தது. அவரிடம் பேசத் தொடங்கியபோதுதான் சங்கடம் ஆரம்பமானது.

"எங்கண்ணன் ஊரைவிட்டுப் போறார் சார்."

"உங்கண்ணன் ஊரைவிட்டுப் போறார்னு சொல்றீங்க."

"ஆமா சார், அதைத்தான் சொன்னேன்."

"அதைத்தான் சொன்னேன்னு சொல்றீங்க."

லிஃப்ட் இப்படி ஒரே மாடிக்குத் திரும்பத் திரும்ப வந்து நின்றால் அவர் ஏதாவது ஒரு ஒயரைக் கழற்றிவிடுவார். ஆலோசகரிடம் எந்த ஒயர் என்று தெரியவில்லை. சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்தார்.

"சார், நீங்க ஒரு பொழுது என் வீட்டுக்கு வரமுடியுமா?"

"நான் உங்க வீட்டுக்கு வரணும்கிற ஆசை உங்களுக்குள்ள இருக்கு."

"இருக்கு சார்."

"அந்த ஆசை எங்கேயிருந்து வருது?"

"பஸ் ஸ்டாப்பு பலகையிலேர்ந்து சார்."

ஆலோசகர் கனிவோடு புன்னகை செய்தார். முதலில் இருவருக்கும் இடையே உறவு உருவாக வேண்டும், உறவுக்குப் பிறகு நம்பிக்கை, நம்பிக்கைக்குப் பிறகு இலக்கு, அந்த இலக்கையும் வந்தவரே கண்டுபிடிக்க வேண்டும் என்று விளக்கினார்.

"கண்டுபிடிச்சிட்டேன் சார். மாடி."

"இவ்வளவு சீக்கிரம் கிடைச்சா அது இலக்கு இல்ல சார். அது அறிகுறி."

வாசலில் வரவேற்பு மேசைப் பெண் அவர் கையில் ஒரு சாக்லேட்டைக் கொடுத்து, உறவு நன்றாக ஆரம்பித்திருப்பதாக வாழ்த்தினாள். வீட்டில் மனைவி, "என்ன, ஆள் கிடைச்சுதா?" என்று கேட்டாள். "முதல்ல எனக்கும் அவருக்கும் உறவு வளரணுமாம்," என்றார் லிஃப்ட்காரர். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இருக்கற உறவை ஒட்ட வைக்கப் போன மனுஷன் புதுசா ஒண்ணு பிடிச்சிட்டு வந்திருக்கீங்க," என்றாள்.

அடுத்த தடவை போனபோது அறையில் மூன்றாவதாக ஒரு நாற்காலி இருந்தது. அதில் அண்ணன் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு மனதிலுள்ளதைக் கொட்ட வேண்டும் என்றார் ஆலோசகர். லிஃப்ட்காரர் நாற்காலியை உற்றுப் பார்த்தார்.

"எங்கண்ணன் உட்காரவே மாட்டார் சார். டிரில் மாஸ்டர். சாப்பிடும்போது கூட நின்னுக்கிட்டேதான் சாப்பிடுவார். இவ்வளவு குள்ளமா அவரை நினைக்கவே முடியல."

"நாற்காலிக்கு மட்டும்தான் சார் அங்கீகாரம் இருக்கு."

பேச்சுவார்த்தை வலுத்தது. ஆலோசகர் வெளியே போய் மேலிடத்தில் கேட்டுவிட்டு வந்தார். மேலிடம் உபகுழுவைக் கேட்டது. கடைசியில், தற்காலிக ஏற்பாடாக, இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு, ஹாலிலிருந்து கோட்டு மாட்டுகிற ஸ்டாண்டு ஒன்றைத் தூக்கிவந்து நிறுத்தினார்கள். உயரமாக, விறைப்பாக, கையை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. அண்ணன் பிள்ளைகளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும்போது இதே மாதிரிதான் நிற்பார்.

லிஃப்ட்காரர் எழுந்து அதன் முன்னால் போய் நின்றார். "அண்ணே," என்றார். அப்புறம் மடை திறந்துவிட்டது. அன்றைக்குச் சொன்னது தப்பு என்றார். சொன்ன மறு நிமிஷமே தப்பு என்று தெரிந்துவிட்டது என்றார். ஆனாலும் ஏன் எழுப்பவில்லை என்று தெரியாமல் ஆறு வருஷமாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது என்றார். "நானும் அவர் பிள்ளைதானேண்ணே. ஒரு உலுக்கு உலுக்கியிருந்தா முழிச்சிருப்பேனே," என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஆலோசகர் காகிதப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

"அய்யய்யோ, என்ன சார் ஆச்சு?"

"என்னால சொல்ல முடியாது சார். சொல்லவே முடியாது."

ஆறுதல் தேடிப் போனவர் ஆறுதல் சொல்லும்படி ஆகிவிட்டது. ஆலோசகரின் முதுகைத் தட்டிக்கொடுத்து, தண்ணீர் கொடுத்து, "எல்லாம் சரியாயிடும் சார்," என்று தேற்றி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஆலோசகர் தன்னுடைய ஆலோசகரைப் பார்க்க மேல் மாடிக்குப் போனார்.

"அவருக்கும் ஆலோசகர் உண்டாம்மா?" என்று லிஃப்ட்காரர் வரவேற்பில் கேட்டார்.

"எல்லாருக்கும் உண்டு சார். இவருக்கு அவர், அவருக்கு இன்னொருத்தர், அவருக்கு எங்க இயக்குநர் அம்மா."

"இயக்குநர் அம்மாவுக்கு?"

"அவங்களுக்கு மன உளைச்சலே கிடையாது சார். அவங்க வர்றவங்க கதையைக் கேட்கவே மாட்டாங்க."

ஆலோசகர் ஏன் அழுதார் என்பதை லிஃப்ட்காரர் அறியமாட்டார். படிப்பவர்களாவது அறிந்துகொள்வது நல்லது. முந்தின நாள் அதே அறையில், அதே கோண நாற்காலியில் உட்கார மறுத்து, விறைப்பாக நிமிர்ந்து நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனவர் வேறு யாருமில்லை, அண்ணன்தான். அவரும் அதே பஸ் ஸ்டாப்பில் அதே பலகையைப் பார்த்தவர்தான். அவருக்கும் காலி நாற்காலி பிடிக்கவில்லை. "என் தம்பி குட்டையா, குண்டா, ஒரு இடத்துல நிக்காம தளும்பிக்கிட்டே இருப்பான்," என்று அவர் சொன்னதால் அவருக்கு எதிரில், அதையும் முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு, ஒரு தண்ணீர் கேனை வைத்திருந்தார்கள். அந்தக் கேனிடம் அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் ஆலோசகர் மறுநாள் கோட்டு ஸ்டாண்டிடம் தம்பி பேசியதையும் கேட்டார். ஒரு மனுஷனுக்கு எத்தனை தாங்கும்!

ஆலோசகர் தயங்கித் தயங்கி இதை இயக்குநர் அம்மாவிடம் கொண்டுபோனார். உடனே நெறிமுறைக் குழு கூடியது. இயக்குநர் அம்மா நீண்ட காலம் படித்தவர், நீண்ட வாக்கியங்களில் பேசுபவர். அன்று பேச்சு சுருக்கமாகவே இருந்தது.

"தம்பி வந்ததை அண்ணன்கிட்ட சொன்னா தம்பியோட ரகசியம் போச்சு. அண்ணன் வந்ததைத் தம்பிகிட்ட சொன்னா அண்ணனோட ரகசியம் போச்சு. ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டா ரெண்டு ரகசியமும் போச்சு. அப்புறம் நம்மகிட்ட மிச்சம் என்ன இருக்கும்?"

"ரெண்டு பேரும் சேர்ந்துடுவாங்க மேடம்," என்றார் ஆலோசகர்.

"சேர்ந்துடுவாங்க, சரி. அதை நாமதான் செஞ்சோம்னு எப்படி நிரூபிக்கறது? அண்ணன் தம்பி சேர்றது உலகத்துல நடக்கற விஷயம்தானே? அதுக்கு ஒரு மையம் எதுக்குன்னு நாளைக்கு யாராவது கேட்டா?"

இருவரும் தற்செயலாகச் சந்தித்துவிடும் பேராபத்தைத் தடுக்கத் தீர்மானங்கள் நிறைவேறின. அண்ணனுக்கு ஒரு நாள், தம்பிக்கு மறுநாள். அண்ணனுக்கு முன்வாசல், தம்பிக்குப் பின்வாசல். அப்படியும் தப்பித் தவறி ஒரே நாளில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று நடைவழியின் நடுவே பிளைவுட் தடுப்பு ஒன்றும் அடித்தார்கள். வீட்டில் அவர்கள் இருவரையும் பிரித்தது வெறும் மாடிப்படி. இங்கே ஆணியடித்துப் பிரித்தார்கள்.

நாள் நெருங்கியது. மேலே சாமான் இழுக்கிற சத்தம் அதிகமாயிற்று. லிஃப்ட்காரர் பின்வாசல் வழியாகப் போய் ஆலோசகரிடம் மன்றாடினார்.

"ஞாயித்துக்கிழமை போயிடுவார் சார்."

"அந்தக் கெடு உங்களுக்கு எப்படி இருக்கு?"

"கெடு கெடுவாத்தான் சார் இருக்கு!"

ஆலோசகர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கூரையைப் பார்த்தார். "சில சமயம் சார், மேல இருக்கறவங்களும்..." என்று தொடங்கினார். கதவுக்கு வெளியே இயக்குநர் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. "...மேல இருக்கறவங்களும் மனுஷங்கதான்," என்று முடித்துவிட்டு இருமினார். லிஃப்ட்காரர் அதைத் தத்துவம் என்று எடுத்துக்கொண்டார்.

இயக்குநர் அம்மா உள்ளே வந்தார். சனிக்கிழமை மையத்தின் ஆண்டுவிழா. மையத்தைத் தாங்குகிற பெரிய மனிதர்கள் எல்லாம் வருகிறார்கள். மேடையில் லிஃப்ட்காரர் தன் அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

"என்ன அனுபவம் மேடம்? இன்னும் மாடி ஏறவே இல்லையே."

"ஏறாத அனுபவம்தான் வேணும். ஏறிட்டா அது வெறும் சேதி. பயப்படாதீங்க. உங்களைத் திரைக்குப் பின்னாடி உட்கார வைப்போம். மைக்குல உங்க குரலையும் மாத்திடுவோம். நீங்க யாருன்னு உங்களுக்கே தெரியாது."

லிஃப்ட்காரர் தயங்கினார். இயக்குநர் அம்மா துருப்புச் சீட்டை எடுத்தார். "விழா முடிஞ்சதும் ஆலோசகர் உங்ககூட வந்து மாடி ஏற அனுமதி குடுத்துடறேன். அன்னிக்கே."

வேறு வழியில்லை. மறுநாள் அண்ணனிடமும் இதே வாக்குறுதியை இயக்குநர் அம்மா கொடுத்தார். மாடி ஏற என்பதற்குப் பதிலாக மாடி இறங்க என்றார். ஒரே சண்டையின் இரண்டு பக்கமும் ஒரே மேடையில் என்றால் விருந்தினர் அசந்துபோவார்கள் அல்லவா? ஒருவர் பேசும்போது இன்னொருவருக்குக் கேட்காதபடி காதுக்கருவி மாட்டி, மனதைச் சாந்தப்படுத்தும் கடலலைச் சத்தத்தை ஓடவிடுவது என்றும் முடிவாயிற்று. எல்லாவற்றையும் யோசித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் பெரிய மனிதர்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மேடையின் இரண்டு ஓரங்களிலும் துணித்திரை போட்ட கூண்டுகள். லிஃப்ட்காரரைப் பின்வழியாகக் கொண்டுபோய் வலது கூண்டில் உட்கார வைத்துக் காதுக்கருவியை மாட்டினார்கள். இடது கூண்டில் யார் என்று அவருக்குத் தெரியாது. அவர் தன் முறைக்காகக் காத்திருந்தார். மனதெல்லாம் விழா முடிந்ததும் ஏறப்போகிற படியிலேயே இருந்தது.

இயக்குநர் அம்மா பேச்சைத் தொடங்கினார்.

"உதவி செய்வது எளிது. விழுந்தவரைக் கையைப் பிடித்து யார் வேண்டுமானாலும் தூக்கிவிடலாம். படிக்காதவர்கள் கூட அதைச் செய்கிறார்கள். ஆனால் விழுந்தவரின் பக்கத்தில் அமர்ந்து, விழுந்திருப்பது எப்படி இருக்கிறது என்று கேட்பதற்குப் பயிற்சி தேவை. இந்த ஆண்டு எங்களிடம் வந்தவர்கள் யாருக்கும் நாங்கள் எந்த உதவியும் செய்யவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். வந்தவர்கள் பலர் மீண்டும் மீண்டும் வருகிறார்கள். பிரச்சினை தீர்ந்து போனவர்களும் சிலர் உண்டு. அதற்காக வருந்துகிறோம். வரும் ஆண்டில் அத்தகைய இழப்புகளைக் குறைப்போம்."

பலத்த கைதட்டல். வலது கூண்டில் லிஃப்ட்காரருக்கு அது எதுவும் கேட்கவில்லை. அவர் காதில் அலையடித்துக்கொண்டிருந்தது. ஓயாமல் தண்ணீர்ச் சத்தம். சற்று நேரத்தில் அவருக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. மேடையில் எங்கே போவது? அடக்கிப் பார்த்தார். அலை விடுவதாக இல்லை. இதற்கு மேல் தாங்காது என்று காதுக்கருவியைக் கழற்றி மடியில் வைத்தார். அப்பாடா என்றிருந்தது.

அப்போது இடது கூண்டு பேச ஆரம்பித்தது. மையத்தார் குரலை மாற்றியிருந்தார்கள். கீச்சுக்கீச்சென்று எலிக்குஞ்சு பேசுவது போல இருந்தது. அந்தக் குரலில் சாவுச் செய்தி படித்தாலும் சிரிப்புத்தான் வரும். முன்வரிசைப் பெரிய மனிதர்கள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"எங்கப்பா படுத்திருந்தார்," என்றது அந்தக் கீச்சுக்குரல். "என் தம்பி மூணு நாளா தூங்கல. அன்னிக்கு மத்தியானம் நாற்காலியிலயே தலை சாஞ்சு தூங்கிட்டான். அப்பாவுக்கு மூச்சு மாறிடுச்சு. தம்பியை எழுப்பலாம்னு அவன் தோள்ல கையை வச்சேன். அப்பா என்னைப் பார்த்து வேண்டாம்னு தலையாட்டினார். அவன் தூங்கட்டும்னு. எப்படி எழுப்புவேன்? அப்புறம் எல்லார் முன்னாடியும் அவன் கேட்டப்ப, அப்பாதான் வேண்டாம்னார்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொன்னா அவன் தூங்கினதைக் குத்திக்காட்டின மாதிரி ஆயிடும். ஏற்கெனவே உடைஞ்சு போயிருந்தான். என்மேல கோவமா இருந்துட்டுப் போகட்டும், அவன்மேல அவனுக்குக் கோவம் வரவேண்டாம்னு விட்டுட்டேன்."

வலது கூண்டிலிருந்து, மைக் வழியாக, "அண்ணே!" என்று இன்னொரு எலிக்குஞ்சு அலறியது.

மண்டபம் திடுக்கிட்டது. இடது கூண்டு, "யார்ரா அது?" என்று கீச்சிட்டது. திரை கிழிந்து விழ, லிஃப்ட்காரர் மேடையின் குறுக்கே ஓடினார். எதிர்க்கூண்டிலிருந்து நெடுநெடுவென்று அண்ணன் வெளியே வந்து நின்றார்.

இயக்குநர் அம்மா மைக்கைப் பிடித்தார். "தயவுசெய்து யாரும் யாரையும் அடையாளம் காண வேண்டாம்! அடையாளம் கண்டவர்கள் உடனடியாக மறந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்! தடுப்பு! தடுப்பைக் கொண்டுவாருங்கள்!"

ஊழியர்கள் நடைவழியிலிருந்த பிளைவுட் தடுப்பைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடிவந்தார்கள். ஒரு முனையை ஆலோசகர் பிடித்திருந்தார். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் அதைக் கொண்டுவந்து நிறுத்துகிற சமயத்தில் அவர் கையை விட்டுவிட்டார். தடுப்பு மடாரென்று விழுந்தது. கை வழுக்கிவிட்டது என்று பிற்பாடு விளக்கம் கொடுத்தார். யாரும் நம்பவில்லை.

அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு நின்றார்கள். பெரிய மனிதர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாடகம் மிகவும் உயிரோட்டமாக இருந்ததாகவும், குரல் மட்டும் சரியில்லை என்றும் அவர்களில் ஒருவர் இயக்குநர் அம்மாவிடம் சொன்னார்.

இருவரும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார்கள். வழியில் அண்ணன்தான் முதலில் கேட்டார்.

"நீ எதுக்குடா அங்க போனே?"

"மாடி ஏறி வர ஒரு துணை தேடிண்ணே. நீங்க?"

"இறங்கி வரத்தான்."

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அந்த மனுஷன் உன்கிட்டயும் சொன்னதையே திருப்பிச் சொன்னாரா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே. உங்களுக்குப் பதிலா ஒரு கோட்டு ஸ்டாண்டை வச்சாங்க."

"உனக்குத் தண்ணி கேன்டா."

அதற்கப்புறம் இருவரும் சிரித்த சிரிப்பில் டிரைவர் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். வீட்டு வாசலிலேயே காத்திருந்த லிஃப்ட்காரரின் மனைவியும் மாடியிலிருந்து இறங்கி வந்த அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆறு வருஷம் ஆச்சு ரெண்டு பேரும் ஒரு பஸ்ல ஏற," என்றாள் அண்ணி. அன்று எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதை யாரும் பேச்சில் எடுக்கவில்லை.

எடுக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. லாரியும் வந்துவிட்டது. போகாமல் இருந்துவிடலாமே என்று தம்பி கேட்டுப் பார்த்தார். அங்கே வீடு பார்த்தாகிவிட்டது, பேரன் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான் என்றார் அண்ணன். பீரோவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கிக்கொண்டிருக்கும்போது லிஃப்ட்காரரின் போன் அடித்தது. மையத்து வரவேற்பு மேசைப் பெண்.

"சார், நீங்க ரெண்டு பேரும் நிறைவு அமர்வுக்கு வராம பாதியில போயிட்டீங்க. உங்க கேஸ் ரெண்டையும் தோல்வின்னு சேர்த்திருக்கோம். மனசு கஷ்டமா இருந்தா அதுக்குத் தனியா ஒரு ஆலோசகர் இருக்கார்."

"பழையவர் என்னம்மா ஆனார்?"

"அவரை மாத்திட்டாங்க சார். இப்ப பலகைகளுக்குப் பெயிண்ட் அடிக்கறதை மேற்பார்வை பாக்கறார். சந்தோஷமாத்தான் இருக்கார்."

போனைப் பையில் போட்டுவிட்டு லிஃப்ட்காரர் பீரோவை லாரியில் ஏற்றினார். அண்ணன் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே இருந்தார். அண்ணி முன்னால் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. அண்ணன் மட்டும் கயிற்றை விடவில்லை.

"டேய், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கண்ணே."

"அப்பா தலையாட்டினார்னு சொன்னேன்ல?" அண்ணன் இன்னொரு முடிச்சுப் போட்டார். "நிஜமாவே ஆட்டினாரா, இல்ல மூச்சுத் திணறல்ல தலை அப்படி அசைஞ்சுதா, எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியலடா. ஒரு நாள் ஆட்டினார்னு தோணும். ஒரு நாள், எழுப்பாம விட்டுட்டு எனக்கு நானே சொல்லிக்கறேனோன்னு தோணும். அந்தக் கேன்கிட்ட கூட இதைச் சொல்லல."

லிஃப்ட்காரர் அண்ணனைப் பார்த்தார். உயரமான மனிதர், கயிற்றைப் பிடித்துக்கொண்டு சின்னப் பையனைப் போல நின்றிருந்தார். தான் ஆறு வருஷம் கோபத்தைச் சுமந்த அதே வீட்டில், தலைக்கு மேலே ஒருவர் இதைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார்.

"ஆட்டினார்ணே," என்றார்.

"உனக்கெப்படிடா தெரியும்? நீதான் தூங்கிட்டிருந்தியே."

"நான் தூங்கினா என்ன? அப்பாவை எனக்குத் தெரியாதா? தூங்கற பிள்ளையை எழுப்ப விடற மனுஷனாண்ணே அவரு?"

அண்ணன் கயிற்றை விட்டார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இதை நீ முன்னாடியே மேல வந்து சொல்லியிருக்கலாமேடா?"

"கூட வர ஆள் கிடைக்கலைண்ணே," என்றார் லிஃப்ட்காரர்.